கருஞ்சட்டை, பழுப்புச் சட்டை: ஃபாசிஸ்டுகள் ஏன் சீருடை போட்டார்கள்?

1930 அக்டோபர் 13. தேர்தல் முடிந்து ஜெர்மனியின் நாடாளுமன்றமான ரைஷ்டாக் முதன்முறையாகக் கூடிய நாள். பெர்லின் நகரம் இருக்கும் பிரஷ்யா மாநிலத்தில் நாஜிக் கட்சியின் சீருடைக்கு அப்போது தடை இருந்தது. அதனால் அந்தக் கட்சியின் 107 உறுப்பினர்களும் சாதாரண உடுப்பில் வந்தார்கள். உள்ளே போனதும் பழுப்புச் சட்டைக்கு மாறி, அணிவகுத்து அவைக்குள் நுழைந்தார்கள். அதே நாளில் நகரின் லைப்சிகர் வீதியில் யூதர்களின் பெரிய கடைகளுடைய கண்ணாடிகளை நாஜிக் கும்பல் கல்லால் அடித்து நொறுக்கியது. அவர்கள் அணிந்திருந்தது சாதாரண உடைதான்.

சட்டம் இயற்றும் இடத்துக்குச் சீருடை, கல்லெறிய சாதாரண உடை. எங்கே சட்டை தெரிய வேண்டும், எங்கே தெரியக்கூடாது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. ஒரு துணித்துண்டுக்காக மாநில அரசு ஏன் தடை போட்டது, கட்சி ஏன் அதை மீறப் பிடிவாதம் பிடித்தது என்று புரிந்துகொண்டால், ஃபாசிசம் எப்படி வளர்ந்தது என்பதில் பாதி புரிந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபாசிஸ்ட் சீருடை அலங்காரத்துக்காக வந்ததல்ல. தெருவில் நடக்கும் அடிதடியை அரசாங்கக் காரியம் போலத் தோன்றவைப்பதுதான் அதன் வேலை. அரசு அதை எதிர்த்து நின்ற இடங்களில் அந்தச் சட்டைக்குப் பலம் இல்லாமல் போனது. அரசு கண்ணை மூடிக்கொண்ட இடங்களில் அந்தச் சட்டையே அரசானது.

கட்சிப் படை என்றால் என்ன?

நம் ஊரில் துணை ராணுவம் என்றால் சிஆர்பிஎஃப் நினைவுக்கு வரும். அது அரசு சம்பளம் கொடுத்து, அரசு சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இயங்கும் படை. இந்தக் கட்டுரை பேசும் படைகள் வேறு. ஒரு கட்சி தனக்கென்று ஆள் சேர்த்து, ராணுவத்தைப் போலப் பிரிவுகள், பதவிகள், பயிற்சி, சீருடை எல்லாம் வைத்து, எதிர்க்கட்சிக்காரர்களை அடிக்கவும் மிரட்டவும் பயன்படுத்தும் படை. குழப்பம் வராமலிருக்க இதைக் கட்சிப் படை என்றே சொல்கிறேன்.

மாநாட்டில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர் படைக்கும் சீருடை உண்டு. ஊர்வலமும் போவார்கள். அதனால் மட்டும் அது ஃபாசிசப் படை ஆகிவிடாது. அடுத்தவன் கூட்டத்தைக் கலைப்பதும், அவன் அலுவலகத்தைக் கொளுத்துவதும், ஆளை வீட்டிலிருந்து இழுத்துவந்து அடிப்பதும் அந்த அமைப்பின் அன்றாட வேலையா என்று பார்க்க வேண்டும். அதைத் தலைமை திட்டமிட்டுச் செய்விக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு தெளிவும் தேவைப்படுகிறது. கருஞ்சட்டைப் படை என்றதும் நமக்கு நினைவு வருவது பெரியார். 1940களின் நடுவில் திராவிடர் கழகத்தில் உருவான அந்தத் தொண்டர் அமைப்பு, சமூகத்தில் திராவிடர் இழிவுபடுத்தப்பட்ட நிலையைக் காட்டும் அடையாளமாகக் கறுப்பை எடுத்துக்கொண்டது. சென்னை மாகாண அரசு 1948இல் அதைத் தடைசெய்தது. இத்தாலியக் கருஞ்சட்டைகளுக்கும் அதற்கும் சட்டையின் நிறம் மட்டுமே ஒன்று. நிறத்தை வைத்து அரசியலைத் தீர்மானிப்பது மோசமான பழக்கம். இணையத்தில் அதைச் செய்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இத்தாலி: விளக்கெண்ணெயும் தடியும்

முதல் உலகப்போரின்போது, 1917இல், இத்தாலிய ராணுவம் ஒரு அதிரடிப் பிரிவை உருவாக்கியது. அர்திதி என்று பெயர். எதிரியின் பதுங்குகுழிக்குள் கத்தியும் கையெறிகுண்டுமாகப் பாய்வது அவர்கள் வேலை. கழுத்துப்பட்டையில் கறுப்புத் தீச்சுடர், கறுப்புக் குல்லா, பல்லில் குத்துவாளைக் கடித்த மண்டையோட்டுச் சின்னம் எல்லாம் அவர்களுடையவை. போர் முடிந்ததும் இந்த ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கொல்லப் பழகிய கைக்கு ஊரில் வேலை இருக்கவில்லை.

1919 மார்ச் 23 அன்று மிலான் நகரில் பெனிட்டோ முசோலினி தன் ஃபாசிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியபோது கூடியவர்களில் இந்த முன்னாள் வீரர்கள் கணிசம். மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, அதே ஊரில் சோஷலிஸ்ட் கட்சியின் ‘அவந்தி’ நாளிதழ் அலுவலகத்தை அவர்கள் கொளுத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கவிஞர் கப்ரியேலே தனுன்ட்சியோ ஒரு படையைக் கூட்டிக்கொண்டு ஃபியூமே துறைமுக நகரைக் கைப்பற்றினார். ஓராண்டுக்கும் மேல் அங்கே அவர் ஆட்சிதான். மாடத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்து முழங்குவது, கூட்டம் பதிலுக்குக் கோஷமிடுவது, கையை நீட்டி வணக்கம் வைப்பது எல்லாம் ஃபியூமேயில் ஒத்திகை பார்க்கப்பட்டவை. முசோலினி அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்.

ஆனால் கருஞ்சட்டைகள் எனப்பட்ட முசோலினியின் படையை உண்மையில் வளர்த்தது போர் நினைவோ கவிதையோ அல்ல, போ நதிச் சமவெளியின் பண்ணையார்கள். 1919, 1920 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அங்கே விவசாயக் கூலிகளின் சங்கங்கள் பலமாகியிருந்தன. யாரை வேலைக்கு எடுப்பது, என்ன கூலி கொடுப்பது என்பதைச் சங்கமே பேசி முடிவுசெய்யும் நிலை வந்தது. நகரங்களில் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றினார்கள். பயந்துபோன நிலவுடைமையாளர்கள் ஃபாசிஸ்ட் குழுக்களுக்குப் பணமும் லாரியும் கொடுத்தார்கள். பண்ணையார் அடியாள் வைத்துக் கூலி உயர்வு கேட்டவனை அடிக்கும் வழக்கம் தஞ்சைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு சட்டையும் ஒரு கொடியும் ஒரு பாட்டும் கொடுத்ததுதான் இத்தாலியப் புதுமை.

அந்தத் தாக்குதல்களுக்கு ஒரு முறை இருந்தது. இருட்டியபின் பக்கத்து ஊர்களிலிருந்து லாரிகளில் ஆட்கள் வருவார்கள். சங்கக் கட்டடம், கூட்டுறவுக் கடை, கட்சி அலுவலகம் எரியும். சங்கத் தலைவரை வீட்டிலிருந்து வெளியே இழுப்பார்கள். ‘மங்கனெல்லோ’ என்ற தடியால் அடிப்பார்கள். வாயைத் திறந்து விளக்கெண்ணெயை ஊற்றுவார்கள். நாம் சின்ன வயதில் பேதிக்குக் குடித்த அதே எண்ணெய்தான். அளவுக்கு மீறி உள்ளே போனால் ஆள் பேதியிலும் நீரிழப்பிலும் துவண்டுபோவான், சிலர் செத்தும்போனார்கள். ஊர் மதிக்கும் மனிதனைத் தன் தெருவிலேயே, தன் பிள்ளைகள் கண்முன்னே, தன் துணியிலேயே கழிய வைப்பதுதான் நோக்கம். அடியின் வலி ஆறிவிடும். அந்த அவமானத்துக்குப் பிறகு அந்த மனிதர் மேடையேறிப் பேசுவது கடினம்.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தளபதி முளைத்தார். ஃபெராராவில் இத்தாலோ பால்போ, கிரெமோனாவில் ரொபெர்த்தோ ஃபரினாச்சி. எத்தியோப்பியக் குறுநிலத் தலைவர்களின் பட்டமான ‘ராஸ்’ என்பதாலேயே ஊர் மக்கள் இவர்களைக் குறிப்பிட்டார்கள்.

காவல்துறை என்ன செய்தது? பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது, சில ஊர்களில் உதவியும் செய்தது. செய்ய முடியாமல் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1921 ஜூலை 21 அன்று சர்சானா என்ற சிறிய ஊருக்கு, சிறையிலிருந்த தங்கள் ஆட்களை மீட்க ஏறக்குறைய 500 கருஞ்சட்டைகள் வந்தார்கள். ரயில் நிலையத்தருகே அவர்களை மறித்து நின்றது ஒரு சின்னக் காவலர் பிரிவு. சுட்டது. அத்தனை பேரும் சிதறி ஓடினார்கள். சுற்றுவட்டார மக்களும் அவர்களை விரட்டினார்கள். பத்துக்கும் மேற்பட்ட ஃபாசிஸ்டுகள் அன்று இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பார்மா நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் பால்போவின் ஆயிரக்கணக்கான ஆட்களால் நுழையவே முடியவில்லை. குய்தோ பிச்செல்லி தலைமையில் மக்கள் தடுப்பரண் கட்டித் தடுத்துவிட்டார்கள். கருஞ்சட்டை வெல்ல முடியாத படை என்பது கருஞ்சட்டைகளே பரப்பிய கதை.

1922 அக்டோபர் 28 ‘ரோமை நோக்கிய படையெடுப்பு’ம் அப்படித்தான். மழையில் நனைந்த, அரைகுறை ஆயுதத்தோடு வந்த கூட்டம் அது. ராணுவம் நினைத்திருந்தால் கலைத்திருக்கும். பிரதமர் லூய்ஜி ஃபக்தா அவசரநிலை ஆணையைத் தயாரித்துக் கொண்டுபோனார். அரசர் மூன்றாம் விக்டர் இமானுவேல் கையெழுத்துப் போட மறுத்தார். முசோலினி மிலானில் காத்திருந்து, அழைப்பு வந்தபின் ரயிலில் தூங்கிக்கொண்டே ரோமுக்கு வந்து பிரதமரானார்.

அதன்பின் நடந்ததை ஆரம்ப வாசகர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். பதவிக்கு வந்த முசோலினி கருஞ்சட்டைகளைக் கலைக்கவில்லை. 1923 தொடக்கத்தில் அவர்களை ‘தேசப் பாதுகாப்புக்கான தன்னார்வப் படை’ என்ற பெயரில் அரசு அமைப்பாக்கினார். பழைய ரோமாபுரியின் சொற்களில் லெஜியன், கொஹோர்ட், செஞ்சூரியன் என்று பிரிவும் பதவியும் வந்தன. சம்பளம் அரசுப் பணத்தில். விசுவாசப் பிரமாணம் மட்டும் 1924 அக்டோபர் வரை அரசருக்கு இல்லை, முசோலினிக்குத்தான். சர்சானாவுக்கு ஆட்களைக் கூட்டிவந்தவர்களில் ஒருவன் அமெரிகோ துமினி. 1924 ஜூன் 10 அன்று சோஷலிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் ஜாக்கோமோ மத்தேயோத்தியைக் கடத்திக் கொன்ற கும்பலின் தலைவனும் அவனே. 1921இல் காவலர் துப்பாக்கிக்குப் பயந்து ஓடியவன், மூன்றே ஆண்டில் ஆட்சியின் கொலையாளியாக ரோம் வீதியில் காரில் வந்தான்.

ஜெர்மனி: சட்டை விற்ற கட்சி

நாஜிக் கட்சியின் அடிதடிப் படை 1921இல் ‘உடற்பயிற்சி, விளையாட்டுப் பிரிவு’ என்ற பெயரில் தொடங்கியது. அதே ஆண்டிலேயே பெயர் மாறி ‘ஸ்டுர்ம்அப்டைலுங்’, அதாவது தாக்குதல் பிரிவு ஆனது. சுருக்கமாக எஸ்ஏ. அதன் சின்னங்கள் சிலவும் ஆட்கள் பலரும் ஃப்ரைகோர் எனப்பட்ட, போருக்குப் பிந்தைய கூலிப்படைகளிலிருந்து வந்தவை, வந்தவர்கள். 1920 மார்ச்சில் பெர்லினில் ஆட்சியைக் கவிழ்க்கப் புறப்பட்ட எர்ஹார்ட் படைப்பிரிவு, தலைக்கவசத்தில் ஸ்வஸ்திகா வரைந்திருந்தது. நாஜிக் கட்சிக் கொடி அதற்குப் பிறகுதான் வந்தது.

பழுப்பு நிறத்துக்குப் பின்னால் தத்துவம் தேட வேண்டாம். ஆஸ்திரியாவில் போர்க்கால உபரிச் சட்டைகள் மலிவாகக் கிடைத்தன. ஃப்ரைகோர் தலைவர் கெர்ஹார்ட் ரோஸ்பாக் வாங்கிவந்தார். 1920களின் நடுவில் அதுவே கட்சியின் நிறமாயிற்று. பின்னர் மண்ணின் நிறம் என்றெல்லாம் விளக்கம் வந்தது.

சீருடையை வைத்துக் கட்சி பணம் பார்த்த விதம் பலருக்குத் தெரியாது. சட்டை, தொப்பி, இடுப்புவார், காலணி எல்லாவற்றையும் எஸ்ஏ ஆள் தன் கைக்காசில், கட்சி அனுமதித்த கடையில் வாங்க வேண்டும். 1929இல் ட்ரெஸ்டன் நகரில் ஸ்டுர்ம் என்ற சிகரெட் நிறுவனம் தொடங்கியது. எஸ்ஏவுடன் ஒப்பந்தம். எஸ்ஏ ஆட்கள் அந்த சிகரெட்டைத்தான் புகைக்க வேண்டும், விற்பனையில் ஒரு பங்கு எஸ்ஏவுக்கு. மலிவான ரகத்தின் பெயர் ட்ரம்லர். பெட்டிக்குள் பழைய ஜெர்மன் படைகளின் சீருடைப் படங்கள் இருக்கும். சேர்த்து ஆல்பத்தில் ஒட்டலாம். வேறு பிராண்ட் புகைத்து மாட்டிக்கொண்டவனுக்கு அபராதம்கூட உண்டு. சங்கம், சந்தை, சண்டை மூன்றும் ஒரே சிகரெட் பெட்டிக்குள்.

இதையெல்லாம் மீறி ஏன் இளைஞர்கள் போய்ச் சேர்ந்தார்கள்? 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் 60 லட்சம். பெர்லினில் எஸ்ஏ நடத்திய விடுதிகளில் படுக்கவும் சூப் குடிக்கவும் இடம் கிடைத்தது. ஒவ்வொரு வட்டாரக் குழுவுக்கும் ஒரு மதுக்கடை ‘தாக்குதல் கடை’யாக இருந்தது. அடிதடிக்குப் புறப்படுவதும் அங்கிருந்துதான், காயத்தோடு திரும்புவதும் அங்கேதான். வேலை போய், வீட்டில் மரியாதை போய், கையில் காசு இல்லாமல் திரியும் இருபது வயதுப் பையன் அந்தச் சட்டையைப் போட்டதும் தெருவே வழிவிட்டது. முதலாளி மகனும் அவனும் ஒரே உடுப்பில் நின்றார்கள். இந்த மரியாதைப் பசியைப் புரிந்துகொள்ளாமல் அவர்களை வெறும் ரவுடிகள் என்று ஒதுக்கினால், அடுத்த முறை இதே தூண்டிலில் யார் மாட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாமலே போகும்.

சீருடை இன்னொன்றும் செய்தது. முந்நூறு பேர் வேட்டி, சட்டை, பனியன் என்று கண்டபடி வந்தால் கும்பல். அதே முந்நூறு பேர் ஒரே நிறத்தில், ஒரே காலடியில் வந்தால் படை. பார்ப்பவன் தலைகளை எண்ணுவதில்லை. உள்ளே இருப்பவனுக்கோ தன் முகம் மறைந்துபோகிறது. தனியாளாய் அடிக்கத் தயங்குபவன் வரிசையில் நின்று அடிப்பான்.

1931இல் எர்ன்ஸ்ட் ரோம் தலைமைக்கு வந்தபோது எஸ்ஏ ஒரு லட்சம் பேரை எட்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு நான்கு லட்சம். வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மன் ராணுவத்துக்கு அனுமதிக்கப்பட்டதோ ஒரு லட்சம் பேர் மட்டும். ராணுவத்தைவிட நான்கு மடங்கு பெரிய கட்சிப் படை தெருவில் நின்றது.

அரசு தடுக்கவே இல்லையா? தடுத்தது, ஆனால் நிலையாக நிற்கவில்லை. 1930இல் பிரஷ்யா பழுப்புச் சட்டையைத் தடைசெய்ததும் வெள்ளைச் சட்டையில் ஊர்வலம் போனார்கள். 1932 ஏப்ரல் 13 அன்று பிரதமர் ப்ரூனிங் அரசு எஸ்ஏவையும், நாஜிக் கட்சியின் இன்னொரு படையான எஸ்எஸ்ஸையும் நாடு முழுவதும் தடைசெய்தது. இரண்டே மாதத்தில், நாஜிகளின் ஆதரவை விரும்பிய புதிய பிரதமர் பாப்பன் தடையை நீக்கினார். ஜூலை 17 அன்று ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனாவின் தொழிலாளர் தெருக்கள் வழியே எஸ்ஏ ஊர்வலம் போனது. துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் செத்தார்கள். அதையே காரணம் காட்டி, மூன்றாம் நாள் பாப்பன் பிரஷ்யாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கலைத்தார். தடையை நீக்கியவரே கலவரத்தைச் சொல்லி ஆட்சியைப் பறித்தார்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு ரைஷ்பேனர் என்ற பெரிய அமைப்பு 1924இலிருந்து இருந்தது. கம்யூனிஸ்டுகளுக்குத் தனிப் படை இருந்தது. செர்கேய் சகோத்தின் என்ற ரஷ்ய விஞ்ஞானி நாஜி எதிர்ப்பு அணிக்கு மூன்று அம்புச் சின்னத்தைக் கொடுத்தார். சுவரில் ஸ்வஸ்திகா கண்டால் அதன் மேல் மூன்று சாய்கோடு கிழித்துவிட்டுப் போகலாம். சாக்பீஸ் போதும். ஆனால் இரண்டு இடதுசாரிக் கட்சிகளும் ஒன்றையொன்று முதல் எதிரியாகக் கருதின. அந்த விலையை இரண்டுமே சேர்ந்து கொடுத்தன.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். பிப்ரவரி 22 அன்று, பிரஷ்யாவின் காவல்துறையைக் கையில் வைத்திருந்த நாஜித் தலைவர் கோரிங், அங்கே ஏறக்குறைய 50,000 எஸ்ஏ, எஸ்எஸ் ஆட்களையும் ஸ்டால்ஹெல்ம் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் ஆட்களையும் துணைக் காவலர்களாக நியமித்தார். புதிய சீருடை எதுவும் தைக்கவில்லை. பழுப்புச் சட்டையின் கையில் ஒரு வெள்ளைப் பட்டை கட்டினார்கள், அவ்வளவுதான். நேற்றுவரை தெருவில் ஆளை அடித்தவன் இன்று அதே சட்டையில் கைதுசெய்ய வந்தான். பிடித்தவர்களைப் பாழடைந்த ஆலைகளிலும் நிலவறைகளிலும் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். பெர்லினுக்கு அருகே ஒரானியன்பர்க்கில் எஸ்ஏவே ஒரு வதைமுகாம் நடத்தியது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அந்த வெள்ளைக் கைப்பட்டையை வையுங்கள்.

1934இல் எஸ்ஏ முப்பது லட்சம் பேராகப் பெருத்தது. ராணுவம் முகம் சுளித்தது. ஜூன் 30 அன்று தொடங்கி ஹிட்லர் எர்ன்ஸ்ட் ரோமையும் மற்ற எஸ்ஏ தளபதிகளையும் கொன்று தீர்த்தார். கொன்றது எஸ்எஸ்.

கறுப்பு உடை, மண்டையோடு, சில கட்டுக்கதைகள்

எஸ்எஸ், 1925இல் ஹிட்லரின் மெய்க்காவல் குழுவாகத் தொடங்கியது. 1929இல் ஹிம்லர் பொறுப்பேற்றபோது சில நூறு பேர்தான். 1932இல் கறுப்புச் சீருடை வந்தது. இதை ஹியூகோ பாஸ் வடிவமைத்தார் என்று இணையத்தில் ஓயாமல் சுற்றுகிறது. அது தவறு. வடிவமைத்தவர்கள் கார்ல் டீபிட்ச், வால்டர் ஹெக். மின்னல் போலத் தெரியும் இரட்டை எழுத்துச் சின்னத்தை வரைந்தவரும் ஹெக்தான். பாஸின் மெட்சிங்கன் ஆலை சீருடை தைத்துக் கொடுத்த பல ஆலைகளில் ஒன்று. அவர் 1931இலேயே கட்சி உறுப்பினர். போர்க்காலத்தில் அங்கே கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் தைத்தார்கள். அந்த உண்மையே போதுமான குற்றம். அதன் மேல் பொய்ப் பெருமை சேர்க்கத் தேவையில்லை.

மண்டையோடும் நாஜிக் கண்டுபிடிப்பல்ல. 18ஆம் நூற்றாண்டு பிரஷ்யக் குதிரைப்படையின் தொப்பியிலேயே இருந்தது. எஸ்எஸ் அதை எடுத்துத் தொப்பியில் வைத்தது. வதைமுகாம் காவலர் பிரிவு அதைக் கழுத்துப்பட்டையிலும் வைத்துக்கொண்டது. திரைப்படங்களில் போர்முனையிலும் முகாம்களிலும் கறுப்பு உடையில் கம்பீரமாக நடக்கும் எஸ்எஸ் அதிகாரியைப் பார்த்திருப்பீர்கள். போர் தொடங்கியபின் கறுப்புச் சீருடை பெரும்பாலும் கழற்றப்பட்டது. லட்சக்கணக்கான கொலைகளைச் செய்தவர்கள் அணிந்திருந்தது சாம்பல் நிறச் சாதாரண ராணுவ உடை. அந்தக் கறுப்பு உடையின் மீதான கவர்ச்சி இன்றும் விற்கிறது என்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஸ்வஸ்திகா பற்றி நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு சங்கடம். கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் கோவிலிலும் சமணப் பள்ளியிலும் இருக்கும் சின்னம் அது. நம்முடையது ஒரு பக்கம் சுழலும், ஹிட்லருடையது மறுபக்கம் சுழலும் என்று சமாதானம் சொல்வார்கள். அது சரியல்ல. வலப்பக்கம் சுழல்வதுதான் இரண்டிலும் அதிகம். பின்லாந்து விமானப்படைகூட நாஜிகளோடு தொடர்பில்லாமல் 1918இலிருந்து அதைப் பயன்படுத்தியது. வேறுபாடு வடிவத்தில் இல்லை, சூழலில் இருக்கிறது. சிவப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம், அதில் சாய்த்து வைத்த கறுப்புச் சின்னம் என்றால் அது 1920இல் அந்தக் கட்சி உருவாக்கிய கொடி. அதன்கீழ் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து நடுங்குவதை நாம் குறை சொல்லக்கூடாது.

இத்தாலியச் சின்னத்துக்கும் இதே கதைதான். கோடரியைச் சுற்றிக் கட்டிய தடிக்கற்றை, பழைய ரோமில் உயர் அதிகாரிக்கு முன்னால் தூக்கிச் செல்லப்பட்ட அதிகாரச் சின்னம். தண்டிக்கவும் தலைவெட்டவும் உள்ள உரிமையைக் காட்டுவது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சுவரில் இன்றும் இருக்கிறது.

உலகெங்கும் சட்டைகள்

1930களில் இது தொற்றிப் பரவியது. ருமேனியாவில் கோத்ரியானுவின் இரும்புக் காவல் படைக்குப் பச்சைச் சட்டை. கழுத்தில் தாய்மண் நிரப்பிய சிறு பை தொங்கும். பிரதமர் இயோன் துகாவை 1933 டிசம்பரில் சினாயா ரயில் நிலையத்தில் சுட்டுக் கொன்றவர்கள் அவர்கள். ஹங்கேரியில் அம்புச் சிலுவைக் கட்சிக்கும் பச்சை. அவர்கள் 1944 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்து, புடாபெஸ்ட் யூதர்களை டான்யூப் கரையில் நிறுத்திச் சுட்டார்கள். ஸ்பெயினில் ஃபலாங்கே கட்சி, தொழிலாளியின் உடை நிறம் என்று நீலத்தை எடுத்தது. 1937இல் ஃபிராங்கோ அதையும் மன்னராட்சி ஆதரவாளர்களான கார்லிஸ்டுகளையும் ஒரே கட்சியாக்கினார். ஒருவரையொருவர் பிடிக்காத இரு தரப்பும் நீலச் சட்டையோடு கார்லிஸ்டுகளின் சிவப்புத் தொப்பியைப் போட வேண்டியதாயிற்று. பிரேசிலில் பச்சைச் சட்டையும் சிக்மா எழுத்தும், அமெரிக்காவில் வெள்ளிச் சட்டை. இந்தியாவில், இந்து மகாசபைத் தலைவர் பி.எஸ். மூஞ்சே 1931 மார்ச்சில் ரோமில் முசோலினியைச் சந்தித்து, சிறுவர்களுக்கான பலில்லா அமைப்பின் பயிற்சியையும் பார்த்துவந்தார். பின்னர் 1937இல் நாசிக்கில் போன்சலா ராணுவப் பள்ளியைத் தொடங்கினார்.

பிரிட்டனில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சட்டம் வேலை செய்தது. ஆஸ்வால்ட் மோஸ்லி 1932இல் தொடங்கிய கட்சிக்குக் கருஞ்சட்டை. வாள்விளையாட்டு வீரரான அவர், அந்த விளையாட்டு உடையின் வெட்டையே எடுத்துக்கொண்டார். டெய்லி மெயில் பத்திரிகை முதலாளி ராதர்மியர் பிரபு 1934 ஜனவரியில் கருஞ்சட்டைகளைப் புகழ்ந்து எழுதினார். அந்த ஜூன் 7 அன்று லண்டன் ஒலிம்பியா அரங்கக் கூட்டத்தில் குறுக்கே குரல் கொடுத்தவர்கள் மேல் விளக்கொளி பாய்ச்சி, சீருடைக் காவலர்கள் அடித்து வெளியே தள்ளினார்கள். நடுத்தர வர்க்கம் அதிர்ந்தது, ராதர்மியரும் விலகினார். 1936 அக்டோபர் 4 அன்று யூதர்கள் நிறைந்த கிழக்கு லண்டன் வழியே மோஸ்லி ஊர்வலம் போக முயன்றபோது, யூதர்களும் ஐரிஷ்காரர்களும் கம்யூனிஸ்டுகளும் துறைமுகத் தொழிலாளிகளும் கேபிள் தெருவை மறித்தார்கள். வழியெடுத்துக் கொடுக்க முயன்ற காவல்துறையோடுதான் மோதல் நடந்தது. ஊர்வலம் கைவிடப்பட்டது.

1937 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த பொது ஒழுங்குச் சட்டம், அரசியல் அமைப்போடு தொடர்பைக் காட்டும் சீருடையைப் பொது இடத்தில் அணிவதைத் தடைசெய்தது. கட்சிப் படை வைப்பதையும் குற்றமாக்கியது. சீருடை என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை, அதை நீதிமன்றத்திடம் விட்டுவிட்டது. 1970களில் ஐரிஷ் குடியரசுவாதிகளின் கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்கூடச் சீருடைதான் என்று அதே சட்டத்தின்கீழ் தீர்ப்பு வந்தது. வேறு இயக்கங்கள் மேலும் பாயக்கூடிய சட்டம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அயர்லாந்தில் நீலச் சட்டைகள் என்ற வலதுசாரி அமைப்புக்கு எதிராக 1934இல் இதே மாதிரி மசோதாவை மேலவை நிராகரித்தபோது அந்த வாதமும் ஒலித்தது.

இப்போது

ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம். பொதுவான அரசியல் கருத்தைக் காட்டும் சீருடையோடு கூட்டத்துக்கு வருவதும் கூடாது. அதனால் எண்கள் வந்தன. ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது எழுத்தை இருமுறை குறிக்கும் 88, ஹிட்லர் வணக்கத்துக்கான சங்கேதம். உடையும் மாறியது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஷார்லட்ஸ்வில் நகரில் தீப்பந்தத்தோடு நடந்த வெள்ளை இனவாதிகளில் பலர் வெள்ளை போலோ சட்டையும் காக்கி பேன்ட்டும்தான் போட்டிருந்தார்கள். எந்தத் துணிக்கடையிலும் கிடைப்பது. ப்ரவுட் பாய்ஸ் என்ற குழு கறுப்பு மஞ்சள் ஃப்ரெட் பெர்ரி சட்டையைத் தங்கள் அடையாளமாக்கியதால், அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த ரகத்தை விற்கப்போவதில்லை என்று அந்த நிறுவனம் 2020இல் அறிவித்தது.

கிரேக்கத்தின் கோல்டன் டான் கட்சி பழைய முறையிலேயே இயங்கியது. கறுப்பு டி-ஷர்ட், ராணுவப் பேன்ட், கேடயம், பண்டைய கிரேக்கக் கோலத்திலிருந்து எடுத்த சின்னம். 2012இல் நாடாளுமன்றத்துக்குள்ளும் வந்தது. அதன் ஆட்கள் இரவில் கூட்டமாகப் போய்க் குடியேறிகளை அடித்தார்கள். 2013 செப்டம்பரில் பைரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் ராப் பாடகர் பாவ்லோஸ் ஃபிஸ்ஸாஸைக் குத்திக் கொன்றார்கள். கட்சி, அது ஒரு தனிநபர் செய்த காரியம் என்றது. ஐந்தாண்டுக்கும் மேல் நடந்த வழக்கில் சட்டையின் நிறம் பெரிய கேள்வியாக இருக்கவில்லை. அன்றிரவு யார் யாருக்குத் தொலைபேசியில் பேசினார்கள், யார் சொல்லி ஆட்கள் கூடினார்கள், உத்தரவு எங்கிருந்து கீழே இறங்கியது என்று ஒவ்வொரு படியாக ஆராய்ந்தார்கள். 2020 அக்டோபர் 7 அன்று ஏதென்ஸ் நீதிமன்றம் அந்தக் கட்சியின் தலைமையையே குற்றக் கும்பலை நடத்தியதாகத் தீர்ப்பளித்தது.